வாக்கியமும் கட்டளையும்: பேரெண் கணிப்பின் கைவினை பற்றிய ஒரு திறனாய்வு

செய்யுளும் நாடகமும் சிறுகதையும் திறனாய்வுக்கு உரியன என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. கணக்கு அவ்வாறு கருதப்படுவதில்லை. விடை சரியாயின் கணக்கு முடிந்தது, பிழையாயினும் முடிந்தது, இடையில் திறனாய்வாளனுக்கு வேலை எதுவும் இல்லை என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் மேலோட்டமானது. ஒரே விடைக்கு இட்டுச் செல்லும் வழிகள் பல. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனைச் செதுக்கி, மற்றொருவர் பின்பற்றத்தக்க ஒழுங்கில் எழுதி வைப்பவன் ஒரு பனுவலையே ஆக்குகிறான். அப்பனுவல் யாருக்காக எழுதப்பட்டது, எந்தக் கருவியை மனங்கொண்டு எழுதப்பட்டது, அதிற் பிழை நேர்ந்தால் அதனை யார் காணமுடியும் என்னும் வினாக்கள் எந்த இலக்கியப் படைப்பின் மீதும் எழுப்பப்படும் வினாக்களைப் போன்றே நியாயமானவை.

கொழும்பு நகரின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று இத்தகைய இருவகைப் பனுவல்களை நம்பி வாழ்கிறது. ஒன்று, பஞ்சாங்கத்தின் பின்னால் நிற்கும் கணிப்பு. இறந்தவரின் திவசத் திதியும், திருமண முகூர்த்தமும், சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரமும் அதிலிருந்து வருகின்றன. மற்றையது, கைத்தொலைபேசிக்கும் வங்கிக்கும் இடையே நிகழும் மறைகுறிக் கணிப்பு. காலி வீதிக் கடையொன்றில் அட்டையினாற் பணம் செலுத்தும்போதும், கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா எனத் தொலைபேசியிற் பார்க்கும்போதும், நூற்றுக்கணக்கான இலக்கங்களைக் கொண்ட எண்கள் கண்ணிமைக்கும் நேரத்திற் பெருக்கப்படுகின்றன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இந்நாட்டில் இலத்திரனியற் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பை அளித்தது. அக்கையொப்பத்தின் உறுதியும் இப்பெருக்கலின் சரித்தன்மையிலேயே தங்கியுள்ளது.

இரு கணிப்புகளையும் பயன்படுத்துவோர் எவரும் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்க இயலாது என்றே கருதுகின்றனர். இங்குதான் திறனாய்வின் தேவை எழுகின்றது. இவ்விரு மரபுகளும் கைவினை மரபுகள். விரைவை வேண்டிச் செதுக்கப்பட்டவை. அவற்றின் சிறப்பு எது, குறை எது, எந்த அளவுகோலால் அவற்றை மதிப்பிடுதல் தகும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாக்கியம் என்னும் பனுவல்

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் வாக்கிய பஞ்சாங்க முறையின் அடிப்படை நூல்களுள் முதன்மையானது ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் வடமொழியில் இயற்றப்பட்ட வாக்கியகரணம் ஆகும். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் இதனைச் சென்னையிற் பதிப்பித்தனர். சந்திரனின் நிலையைக் கூறும் 248 வாக்கியங்கள் இம்மரபிற்கு இன்னும் பழைமையானவை. மரபு அவற்றை வரருசிக்கு உரியனவாகக் கூறும்.

கணிப்பின் செய்கை பின்வருமாறு அமையும். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களின் தொகையே தொடக்க எண். எடுத்துக்காட்டாக, 1825 மே 31ஆந் திகதிக்கு அத்தொகை 1,799,312 ஆகும். இதிலிருந்து முதலில் 1,600,984 கழிக்கப்படும்; அது 1282ஆம் ஆண்டில் அமையும் ஒரு நாளைக் குறிப்பது. எஞ்சுவது 198,328. அதனை 12,372ஆல் வகுக்க ஈவு 16, மீதி 376. அம்மீதியை 3,031ஆல் வகுத்தல் வேண்டும். இங்கு அது சிறிதாகையால் ஈவு இல்லை. பின்னர் 248ஆல் வகுக்க ஈவு 1, மீதி 128. எனவே வேண்டப்படுவது 128ஆம் வாக்கியம். ஒவ்வொரு ஈவுக்கும் உரிய நிலையான திருத்தத்தை அவ்வாக்கியத்தின் பெறுமானத்தோடு கூட்டினால் சந்திரனின் நிலை பெறப்படும்.

இவ்வெண்கள் தற்செயலானவை அல்ல. சந்திரன் தன் உச்சத்தில் இருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகும். அத்தகைய 9 சுற்றுகள் 248 நாட்களுக்கும், 110 சுற்றுகள் 3,031 நாட்களுக்கும், 449 சுற்றுகள் 12,372 நாட்களுக்கும் மிக அண்மையன. பேரெண்ணைச் சுற்றுகளாக உரித்து உரித்து, இறுதியில் 248 வரிகள் கொண்ட அட்டவணை ஒன்றுக்குள் அடக்கிவிடுவதே இம்முறையின் உயிர்நிலை. கடினமான கணிப்பு முழுவதும் முன்னரே செய்து முடிக்கப்பட்டு வாக்கியங்களுள் வைக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் செய்பவனுக்கு எஞ்சுவது கழித்தலும் வகுத்தலும் நினைவுகூர்தலுமே.

நினைவுக்கு உதவுவது கடபயாதி முறை. இதில் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். முதலெழுத்து ஒன்றாந் தானத்தில் நிற்கும். 248 நாட் சுற்றின் பெயர் தேவரம். தகர வருக்கத்தின் மூன்றாம் எழுத்தாகிய 'தே' எட்டு, 'வ' நான்கு, 'ர' இரண்டு. 3,031 நாட் சுற்றின் பெயர் கலாநிலம்: ஒன்று, மூன்று, சூனியம், மூன்று. பெயரே எண், எண்ணே பெயர். சொற்சிக்கனத்தில் இதனை விஞ்சுதல் எளிதன்று.

ஆயினும் இச்சிக்கனத்துக்கு விலை உண்டு. தமிழ் நெடுங்கணக்கு வருக்க எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. தகரத்தின் நான்கு வருக்கங்களும் தமிழில் ஒரே எழுத்தாகவே எழுதப்படும். ஆனால் கடபயாதியில் அவை முறையே 6, 7, 8, 9 ஆகும். தமிழ் எழுத்தில் வாக்கியத்தைப் படிப்பவன் கண்ணை மட்டும் நம்பினால் தேவரம் 248 ஆகவும் அமையலாம், 246 ஆகவும் அமையலாம். ஆகவே கிரந்த எழுத்தோ குருவின் வாயொலியோ இன்றி இப்பனுவல் முழுமை பெறாது. சொல்லைச் சுருக்கிய கைவினை, அச்சொல்லைக் காக்கும் பொறுப்பை ஒரு சிறு குழுவினரின் செவியிலும் நாவிலும் வைத்தது. வாக்கியக் கணிப்பு நெடுங்காலம் ஒரு சில குடும்பங்களின் உடைமையாக இருந்தமைக்குச் சமூகக் காரணங்களோடு பனுவலின் இவ்வமைப்பும் ஒரு காரணம் எனலாம்.

2. வாரனின் மதிப்பீடும் அதன் குறையும்

இம்மரபைப் பற்றிய மேலைத்தேய மதிப்பீடுகளுள் ஜோன் வாரன் 1825இற் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் முக்கியமானது. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையிற் சோழிகளை வைத்தும், மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டும் அவ்வாண்டின் மே 31, யூன் 1 ஆகிய நாட்களில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் அக்கணிப்பு உண்மையினின்று விலகியது. அக்கணிதருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, வலிய நினைவாற்றல் மட்டுமே உண்டு என்பது வாரனின் கருத்து. 1952இல் தமிழர் வானியல் பற்றி எழுதிய ஒட்டோ நொய்கெபவர் இச்செய்தியை மீண்டும் ஆராய்ந்தார். அவரைக் கவர்ந்தது விடையின் நுண்மையன்று. பண்டைய கணிப்பு மரபு ஒன்று 19ஆம் நூற்றாண்டுவரை அறுபடாது வந்தமையே.

இருவருக்கும் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. அவர்கள் எழுதியிராவிடின் அச்சோழிக் கணக்கின் விரிவான சான்று ஒன்று இல்லாது போயிருக்கும். எனினும் வாரனின் மதிப்பீட்டில் அடிப்படையான ஒரு குழப்பம் உண்டு. அவர் பனுவலை ஆக்கியவனையும் அதனை நிகழ்த்துபவனையும் ஒருவனாகக் கொண்டார். சோழியை நகர்த்தியவருக்குக் கோட்பாடு தெரியாதிருக்கலாம். ஆனால் 248, 3,031, 12,372 என்னும் எண்களைத் தெரிந்தெடுத்தவனுக்கு அது நன்கு தெரிந்திருந்தது. கோட்பாடு அறியாதவனும் பிழையின்றிச் செய்யத்தக்கதாகக் கணிப்பை அமைத்தமையே அவ்வாசிரியனின் வெற்றி. இன்று கணனியின் செயலியை நோக்கி, அதற்கு எண்கோட்பாடு தெரியாது என எவரும் குறைகூறுவதில்லை. நொய்கெபவரோ இதனைத் தொல்பொருள் ஒன்றைப் போலக் காண்கிறார். உயிருள்ள பனுவல் ஒன்றின் ஆக்கத்திறனை அவர் போதிய அளவு ஆராயவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிகழ்த்துபவனின் அறியாமை ஒரு குறையே அன்று என வாதிடுவதும் பொருந்தாது. வாக்கியத் தொடரில் உள்ளார்ந்த சரிபார்ப்பு ஒன்று அமைந்துள்ளது. தொடரின் இரு முனைகளிலிருந்தும் சமதூரத்தில் நிற்கும் வாக்கியங்களைக் கூட்டினால் இறுதி வாக்கியத்தின் பெறுமானம் வரவேண்டும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. 248ஆவது 27 பாகை 44 கலை. ஆகவே 247ஆவது 15 பாகை 41 கலையை ஒட்டி நிற்றல் வேண்டும். மனனத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் இதனைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். ஆனால் அட்டவணை முழுவதுமே காலத்தால் மூத்துப்போனால் இச்சரிபார்ப்பு எதனையும் காட்டாது. மூத்த அட்டவணையும் தன்னளவில் ஒத்திசைவாகவே இருக்கும். அதனைக் காட்டவல்லது வானம் ஒன்றே. கேரளத்து மாதவர் 1400ஆம் ஆண்டை ஒட்டி 248 வாக்கியங்கள் என்னும் உருவத்தைப் பேணிக்கொண்டே உள்ளடக்கத்தை விகலை அளவுக்குத் திருத்தினார். பரமேசுவரர் 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். உருவத்தைப் போற்றுவது வேறு, உள்ளடக்கத்தைச் சோதிப்பது வேறு என்பதை உணர்ந்தவர்கள் இவர்கள். கொழும்புத் தமிழ் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேறுவேறு நேரங்களைக் கூறும்போது, குடும்பங்கள் எந்தக் கோயிலைச் சார்ந்தவர்கள், எந்தக் குருக்களைக் கேட்பவர்கள் என்பதைக் கொண்டே முடிவு செய்கின்றன. கணிப்பின் மீதான வினா மனிதர் மீதான நம்பிக்கையாக மாறிவிடுகிறது.

3. 1942: கொழும்பில் ஒரு மறைகுறிக் கணக்கு

மறைகுறிக் கணிப்பு கொழும்புக்குப் புதிதன்று. சிங்கப்பூர் வீழ்ச்சியுறும் தறுவாயில், 1942 சனவரியில், பிரித்தானியரின் தூரகிழக்கு ஒன்றிணைந்த பணியகத்தைச் சேர்ந்த மறைகுறி உடைப்பாளர் கொழும்புக்கு வந்தனர். அவ்வாண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இந்நகரைத் தாக்கிய பின்னர் அவர்கள் கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள கிலிந்தினிக்குச் சென்று, 1943இல் மீண்டும் கொழும்புக்கு வந்து அன்டர்சன் நிலையத்தில் இயங்கினர். அவர்கள் எதிர்கொண்ட முதன்மையான மறைகுறி, 1939இல் யப்பானியக் கடற்படை புகுத்திய ஜே.என்.-25 என்பதாகும்.

அதன் அமைப்பு எளிது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்திலக்க எண் ஒன்று. அதனோடு வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த ஐந்திலக்க எண் கூட்டப்படும். கூட்டலில் கொண்டுசெல்லல் இல்லை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு எனின், இரண்டு மட்டும் எழுதப்படும். ஒன்று அடுத்த தானத்துக்குச் செல்லாது, கைவிடப்படும். போர்க்கப்பலில் அவசரத்தில் எழுதும் எழுதுவினைஞன் ஒரு தானத்திற் பிழைவிட்டாலும் அப்பிழை அண்டைத் தானத்தைத் தொடாதிருப்பதற்கான ஏற்பாடு இது. மேலும், சொல்லுக்குரிய எண்கள் யாவும் மூன்றால் மீதியின்றி வகுபடத்தக்கனவாகத் தெரியப்பட்டிருந்தன. வானொலியில் ஓர் இலக்கம் சிதைந்து வந்தால் பெறுபவன் அதனை உடனே உணரலாம்.

இந்தச் சரிபார்ப்பே யப்பானியருக்கு எதிராகத் திரும்பியது. மறைகுறியை உடைக்க முயன்றவர், கூட்டப்பட்ட எண் இதுவாக இருக்கலாம் என ஊகித்துக் கழித்தபின், எஞ்சியது மூன்றால் வகுபடுகிறதா என நோக்கினர். வகுபடின் ஊகம் வலுப்பெற்றது. நண்பனுக்கு உதவ வைத்த அடையாளம் பகைவனுக்கும் உதவிற்று. கணிப்பின் பனுவலை மதிப்பிடுவோர் மறக்கலாகாத பாடம் இது: சரிபார்க்கத்தக்கதாய் இருத்தல் நன்று, ஆனால் எதனை, யார் சரிபார்க்கிறார் என்பதும் கேட்கப்படல் வேண்டும்.

4. கட்டளை என்னும் பனுவல்

1977இல் இறிவெஸ்ட், சமீர், அடில்மன் ஆகிய மூவரும் அமைத்த ஆர்.எஸ்.ஏ. முறையில் கொண்டுசெல்லலைக் கைவிட வழியில்லை. அதன் காவல், பெரிய எண் ஒன்றைப் பகாக் காரணிகளாகப் பிரித்தல் கடினம் என்பதில் தங்கியுள்ளது. பரவலாக வழங்கும் 2048 பிட் அளவுக்குரிய எண் பதின்ம முறையில் 617 இலக்கங்கள் கொண்டது. இன்றைய செயலி ஒரே முறையிற் கையாள்வது 64 பிட் மட்டுமே. ஆகவே அப்பேரெண் 32 துண்டுகளாக வெட்டப்படும். பள்ளிப் பிள்ளை செய்யும் முறையில் இரு பேரெண்களைப் பெருக்க 1,024 துண்டுப் பெருக்கல்கள் வேண்டும். ஓர் எண்ணை அதே எண்ணாற் பெருக்கும்போது மீண்டும் வரும் பெருக்கங்களை ஒருமுறையே செய்தால் 528 போதும். கையொப்பம் ஒன்றை இடுவதற்கு இத்தகைய பெருக்கல்கள் ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்து நிகழவேண்டும்.

இத்துண்டுகளை இணைக்கும் நூல் கொண்டுசெல்லலே. ஒவ்வொரு துண்டின் கூட்டலிலும் மிகுவதைச் செயலி ஒரு சிறு கொடியாக வைத்திருக்கும். அடுத்த கூட்டல் அதனையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் சி முதலிய மேனிலை மொழிகளில் இக்கொடிக்குப் பெயரே நெடுங்காலம் இல்லை. பெயரில்லாத ஒன்றைப் பற்றி அம்மொழியிற் பேசுவோர் சுற்றிவளைத்தே பேசவேண்டியிருந்தது. அச்சுற்றலை மொழிபெயர்க்கும் தொகுப்பியும் வீண் கட்டளைகளைப் பெருக்கியது. எனவேதான் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எழுதும் அசெம்பிளி மொழிக்கு வல்லுநர் திரும்பினர். 1991இல் தோன்றிய ஜி.எம்.பி. என்னும் பேரெண் நூலகத்தில் தொர்பியோன் கிரான்லுண்டும், ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தில் அன்டி பொல்யாக்கொவும் எழுதிய பகுதிகள் இவ்வகைக் கைவினையின் சிறந்த எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு செயலிக்கும் வேறுவேறு பனுவல்; எந்தப் பதிவகத்தில் எதனை வைப்பது, எந்தப் பெருக்கல் முடியுமுன் எந்தக் கூட்டலைத் தொடங்குவது என்னும் தெரிவுகளால் நெய்யப்பட்டது.

வாக்கிய மரபோடு இதற்குள்ள ஒப்புமை மேலோட்டமானதன்று. பீற்றர் மொன்ட்கோமரி 1985இல் வெளியிட்ட முறை, பேரெண்ணாற் செய்யவேண்டிய வகுத்தலைத் தவிர்க்கிறது. எண்களை முதலில் வசதியான வேறொரு வடிவுக்கு மாற்றிவிட்டால், வகுத்தல் வெறும் தானமாற்றமாகச் சுருங்கும். கணிப்பு முடிந்ததும் பழைய வடிவுக்கு மீளலாம். வசதியான நிலையொன்றிலிருந்து கணக்கைத் தொடங்குதல் என்ற அளவில் இது 1282ஆம் ஆண்டின் ஒரு நாளிலிருந்து எண்ணத் தொடங்கிய வாக்கியகாரனின் தந்திரத்துக்கு உறவுடையது. அதேபோல, அடுக்குகளை முன்கூட்டியே கணித்து 32 வரிகள் கொண்ட அட்டவணையாக வைத்து, ஐந்து ஐந்து பிட்டுகளாக மறைவெண்ணைப் படித்து வேண்டிய வரியை எடுத்தலும் வாக்கிய முறையே.

வேற்றுமையும் இங்கேயே உள்ளது. 128ஆம் வாக்கியத்தைச் சொல்பவனை எவரும் கேட்கலாம். சந்திரனின் நிலை இரகசியமன்று. மறைகுறியிலோ எந்த வரி எடுக்கப்பட்டது என்பதே இரகசியம். கணிப்புக்கு எடுக்கும் நேரத்தை அளந்து மறைவெண்ணை ஊகிக்கலாம் என போல் கொச்சர் 1996இற் காட்டினார். 2003இல் புரூம்லியும் பொனேயும் அதனை வலையமைப்பின் ஊடாகவே செய்து காட்டினர். அட்டவணையின் எந்தப் பகுதி தொடப்பட்டது என்பதை நினைவகத்தின் நடத்தையிலிருந்து அறியமுடியும் என 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவியது. ஆகவே பின்னைய பதிப்புகள், வேண்டியது ஒரு வரியே ஆயினும், அட்டவணை முழுவதையும் படிக்கின்றன. எண் எதுவாயினும் அடிகளின் எண்ணிக்கை மாறலாகாது. விரைவுக்காகப் பிறந்த கைவினை, தன் விரைவின் ஒரு பகுதியை மௌனத்துக்காக விட்டுக்கொடுக்கக் கற்றது.

5. பிழையும் சான்றும்

இக்கைவினையின் பெருங்குறை 2017இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 2ஆந் திகதி ஓப்பன் எஸ்.எஸ்.எல். குழுவினர், மொன்ட்கோமரி முறையில் எண்ணைத் தன்னாற் பெருக்கும் அசெம்பிளிப் பகுதியில் கொண்டுசெல்லற் பிழை உள்ளதென அறிவித்தனர். புதிய இன்டெல் செயலிகளில் ஒரே வேளையில் இரு கொண்டுசெல்லற் சங்கிலிகளை நடத்த உதவும் கட்டளைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் மிக விரைவான பாதையிலேயே பிழை இருந்தது. மிக அரிதாக நிகழும் ஓர் எண் சேர்க்கையில் மட்டும் ஒரு கொண்டுசெல்லல் வழியில் விடுபடும். எழுந்தமானமாகத் தெரிந்த எண்களைக் கொண்டு சோதிப்பவருக்கு அது அகப்படுவது அரிது. கூகிள் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை முறை ஒன்றே அதனைக் கண்டுபிடித்தது. ஆர்.எஸ்.ஏ. மீது இதனைக் கொண்டு தாக்குதல் நடத்துதல் மிகக் கடினம் என மதிப்பிடப்பட்டது. ஆயினும் உலகெங்கும் பயன்பட்ட ஒரு பனுவலில், தேர்ந்த கைகள் எழுதிய இடத்தில், அப்பிழை தங்கியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பிழையை ஆசிரியரின் கவனக்குறைவாகக் கொள்வது வாரனின் குழப்பத்தை மறுவழியிற் செய்வதாகும். பிழை தனிமனிதனுடையதன்று, பனுவலின் வகையோடு பிறந்தது. யப்பானிய எழுதுவினைஞனின் கூட்டலில் ஒரு தானத்தின் தவறு அவ்விடத்திலேயே இறந்துபோகும். பேரெண் பெருக்கலில் ஒரு துண்டின் தவறு அடுத்தடுத்த துண்டுகளுக்கு ஏறிச் செல்லும். அத்துடன், விரைவை வேண்டி வரிகளைப் பிரித்துக் கலந்து எழுதிய பனுவலில் எண்ணத்தின் ஒழுங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. படிப்பவன் ஒவ்வொரு வரியையும் புரிந்துகொள்வான், முழுமையைப் புரிந்துகொள்ளமாட்டான்.

கைவினையை விட்டுவிடுதலே மாற்று வழி எனச் சிலர் கருதினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆக்கிய பியற் கிரிப்டோ என்னும் முறை, கணித வரையறையிலிருந்து செய்நிரலையும் அது சரியென்பதற்கான நிறுவலையும் ஒருங்கே பிறப்பிக்கும். மற்றொரு வழி இன்னும் சிந்தனைக்குரியது. அமேசான் நிறுவனத்தின் எஸ்-2-என் பிக்னம் என்னும் நூலகம் கையாலேயே எழுதப்பட்ட அசெம்பிளிப் பகுதிகளைக் கொண்டது. ஆனால் அதன் ஒவ்வொரு பகுதிக்கும், எல்லா எண்களுக்கும் விடை சரியே என்னும் நிறுவல், ஹொல் லைட் என்னும் தேற்றநிறுவல் முறையிற் செய்யப்பட்டு உடன் வைக்கப்பட்டுள்ளது. ஜோன் ஹரிசன் இம்முயற்சியில் முன்னின்றவர். கைவினையும் சான்றும் பகையல்ல என்பதை இது காட்டுகிறது. எழுதுபவனுக்கு முழுச் சுதந்திரம். ஆனால் எழுதியதற்குக் கணக்குக் காட்டும் கடமையும் உண்டு.

ஆயினும் நிறுவல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் எனக் கொள்ளுதல் தவறு. பனுவல் தன் வரையறைக்கு ஒத்துள்ளதா என்பதை நிறுவல் கூறும்; அவ்வரையறை உலகுக்கு ஒத்துள்ளதா என்பதைக் கூறாது. வாக்கியத் தொடரின் இரு முனைகளும் ஒத்திசைந்தும் கிரகணம் 52 நிமிடம் பிழைத்ததை இங்கு நினைவுகொள்ளல் தகும். விடை சரியென நிறுவப்பட்ட செய்நிரலும், செயலி செலவிடும் நேரம் வரையறையில் இடம்பெறாவிடின், இரகசியத்தைக் கசியவிடலாம். உள்ளிருந்து வரும் சோதனையும் வெளியிலிருந்து வரும் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

6. அளவுகோல் எது?

மேற்கூறியவற்றை ஒருசேர நோக்குமிடத்து, பேரெண் கணிப்பின் கைவினையை மதிப்பிடும் அளவுகோல் தெளிவாகிறது. விரைவு அதன் தொடக்க நோக்கம். ஆனால் விரைவு மட்டும் சிறப்பாகாது. சொற்சிக்கனம் அதன் அழகு; ஆனால் சிக்கனம் பனுவலைச் சிலரின் தனியுடைமையாக்குமாயின் அவ்வழகே குறையாகும். இறுதியான அளவுகோல் ஒன்றே: அப்பனுவலை நம்பி வாழ்பவர் சார்பில், அதனை ஆக்காத ஒருவர் அதனைச் சோதிக்க இயலுமா என்பது.

இந்த அளவுகோலால் நோக்கினால் தமிழ்ச் சூழலில் நிலவும் இரு மனப்பான்மைகளும் போதாமை உடையன. ஒன்று, முன்னோர் சோழியிலேயே கணனியைக் கண்டனர் எனப் பெருமை பேசுவது. இது 248ஆம் எண் எவ்வாறு வந்தது எனக் கேட்பதில்லை. கேட்காத பெருமை வெறும் மனனமே. மற்றையது, வாக்கிய முறை மூடப்பழக்கம், மறைகுறிக் கணிப்பு அயல்நாட்டு வல்லுநரின் வேலை எனத் தள்ளிவிடுவது. முன்னது பழைய பனுவலைப் பூசையறையில் வைக்கிறது. பின்னது புதிய பனுவலை எட்டாக்கனியாக்குகிறது. இரண்டிலும் திறனாய்வு இல்லை. சோதிப்பவர் இல்லாத இடத்தில் நம்புவோர் மட்டுமே எஞ்சுவர்.

இப்பனுவல்கள் இன்று மறைக்கப்பட்டவை அல்ல. வாக்கியகரணம் அச்சில் உள்ளது. ஜி.எம்.பி., ஓப்பன் எஸ்.எஸ்.எல். ஆகியவற்றின் கட்டளை வரிகள் எவரும் படிக்கத்தக்கவாறு வெளியிடப்பட்டுள்ளன. கூட்டலும் பெருக்கலும் கொண்டுசெல்லலும் தமிழ்மொழி மூலம் பயிலும் ஆரம்ப வகுப்பு மாணவனுக்கும் தெரிந்தவை. அவனுக்கும் இப்பனுவல்களுக்கும் இடையே உள்ள தூரம் அறிவின் தூரம் என்பதைவிடப் பழக்கத்தின் தூரம் எனல் பொருந்தும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் செய்யுளுக்கு உரை கண்டதுபோல் இவற்றுக்கும் உரை காண முன்வருமாயின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வீடுகள் இரு பஞ்சாங்கங்களுக்கு இடையே தெரிவு செய்யும்போதும், கைத்தொலைபேசியில் பணம் அனுப்பும்போதும், யாரை நம்புவது என்று கேட்பதோடு நில்லாது, எதனால் நம்புவது என்றும் கேட்கும் நிலை உருவாகும்.